டாக்டரம்மா பதில்கள்: முதலில் காதைத் தொட்டுப் பாருங்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி மழையைப் பற்றி, மீதி பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. ஜூலை மாதம் மும்பையில் வேறென்ன பேசுவார்கள்! நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். என் வீட்டுப் பூனைக்கே இன்னும் பெயர் வைத்தபாடில்லை.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நாய், பூனை என்றால் உயிர். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் ‘மாட்டு டாக்டருக்கா படிக்க வைக்கப் போறீங்க?’ என்று சிரிக்கிறார்கள். சேர்க்கலாமா?
*வாசகி, செம்பூர்*

சேர்க்கலாம். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு அவளை எழுப்பி, ஜோகேஸ்வரி பக்கம் ஏதாவது ஒரு தபேலாவுக்கு, அதாவது பால் எருமைக் கொட்டிலுக்குக் கூட்டிப் போங்கள். பால் கறக்கிற நேரம் அது. சாணி, மூத்திரம், புண்ணாக்கு எல்லாம் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். அவள் மூக்கைப் பொத்தினால் பரவாயில்லை, நானும் பொத்தியவள்தான். கொஞ்ச நேரம் கழித்து, ‘அந்தக் கடைசி எருமை மட்டும் ஏன் தின்னாமல் நிற்குது?’ என்று அவளாகக் கேட்டால் விண்ணப்பம் போட்டுவிடலாம். போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள் என்றால் இன்னொரு தடவை உட்கார்ந்து பேசுங்கள்.

படிப்பு ஐந்தரை வருஷம். அதில் கடைசி ஒரு வருஷம் பயிற்சி. மகாராஷ்டிரத்தில் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீத இடங்களுக்கு மட்டும் அங்கேயும் நீட். ஆனால் அந்த மாநில இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கானவை. மும்பையில் படித்த பெண்ணுக்கு இருப்பிடச் சான்றிதழ் விஷயத்தில் சிக்கல் வரும். இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாய், பூனை ஆசையில் வருகிற பிள்ளைகள் முதல் வருஷம் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள். செத்த உடம்பைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் நெடியில் நின்றுகொண்டு மாட்டு எலும்பை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க வேண்டும். மனித டாக்டருக்கு ஒரே உடம்பு. எங்களுக்கு மாடு, எருமை, ஆடு, பன்றி, குதிரை, கோழி, நாய், பூனை எல்லாம் ஒரே படிப்பில். மாட்டுக்கு வயிறு நாலு அறை. குதிரைக்கு ஒரே அறைதான், ஆனால் அதற்கு வாந்தியே வராது. அதனாலேயே குதிரையின் வயிற்று வலி அவ்வளவு பயமுறுத்தும். பூனைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து நாயைக் குணமாக்கும். இதெல்லாம் மண்டையில் ஏற வேண்டும்.

‘பெண் பிள்ளைக்குப் பலம் போதுமா?’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாட்டைப் பலத்தால் யாரும் அடக்க முடியாது, எந்த ஆம்பளையாலும். கயிறு போடத் தெரியணும், நிற்க வேண்டிய இடம் தெரியணும். ஆட்டுக்குப் பிரசவம் பார்க்க வந்தால் சின்னக் கைக்குத்தான் மதிப்பு. என்னோடு படித்த ஆறடிப் பையன்கள் கையைக் கழுவிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள்.

வேலை? அரசு கால்நடை மருந்தகம், பால் கூட்டுறவு, கோழிப்பண்ணை, தடுப்பூசிக் கம்பெனி, தேவ்னார் மாதிரி இறைச்சிக்கூடத்தில் பரிசோதனை, உயிரியல் பூங்கா, அப்புறம் என்னை மாதிரி தெருமுனைக் கிளினிக். சிரிக்கிற சொந்தக்காரர்கள் காலையில் காபிக்கு எதை ஊற்றுகிறார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

எங்கள் வீட்டில் முட்டை கூடக் கிடையாது. நாய்க்குத் தயிர் சாதம் மட்டும்தான். போதுமா?
*வாசகர், மாட்டுங்கா*

போதாது. நாய் சைவத்தில் சமாளிக்கும். அதற்குப் புரதம் கணக்குப் பார்த்துக் கொடுக்கணும், சத்து மருந்தும் சேர்க்கணும். வெறும் தயிர் சாதத்தில் தொப்பைதான் வரும். நல்லவேளை, பூனை வளர்க்கவில்லை நீங்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைக்கிறது. அது இல்லாமல் போனால் கண்ணும் இதயமும் கெடும்.

எருமை கன்று போட்டு மறுநாளே படுத்துவிட்டது. கழுத்தை மடக்கி விலாப்பக்கம் வைத்துக்கொண்டது. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. ‘காத்து சேட்டை’ என்று வேப்பிலை அடித்தார்கள். டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. என்ன நோய் அது?
*மும்பையில் வேலை பார்க்கும் வாசகர், சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம்*

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பால் காய்ச்சல். கன்று போட்டதும் மடியில் பால் சுரக்க ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம், அதாவது கால்சியம், பாலுக்குப் போகிறது. எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் அந்த வேகத்துக்கு ஈடுகட்ட முடியாவிட்டால் தசை வேலை செய்யாது, குடல் நின்றுவிடும், கடைசியில் இதயம். மூன்றாவது ஈற்றுக்கு மேல், நிறையக் கறக்கிற மாட்டுக்குத்தான் அதிகம் வரும்.

காதைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும். மூக்கு காய்ந்திருக்கும். சாணி போட்டிருக்காது. தெர்மாமீட்டர் வைத்தால் வழக்கமான 101.5 டிகிரி இருக்காது, அதற்குக் கீழே போயிருக்கும்.

ஜோகேஸ்வரியில் ஒரு தபேலா. அடாத மழை. ஜாஃபராபாதி எருமை ஒன்று, நீங்கள் சொன்ன அதே கோலத்தில், பின்பக்கம் முழுக்கச் சேற்றில் கிடந்தது. தபேலாக்காரர் உத்தரப் பிரதேசத்துப் பெரியவர். அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றத் தயாராக ஒருவன் நின்றான். அவனைத்தான் முதலில் நிறுத்தினேன். விழுங்க முடியாத மாட்டுக்கு வாய் வழியே எதை ஊற்றினாலும் நேரே நுரையீரலுக்குப் போகும். அப்புறம் அதைப் பக்கவாட்டில் சாய விடாமல், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அண்டை கொடுத்தோம். கால்சியம் பாட்டிலை வெந்நீர் வாளிக்குள் போட்டு வெதுவெதுப்பாக்கினேன். கழுத்து நரம்பில் ஊசி.

மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் இறங்க வேண்டும். அவசரப்பட்டால் எந்த மருந்து காப்பாற்ற வந்ததோ அதுவே இதயத்தை நிறுத்திவிடும். ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதஸ்கோப். துடிப்பு தடுமாறினால் பாட்டிலைத் தாழ்த்தணும், சீரானால் உயர்த்தணும். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் எருமையின் இதயத்தைக் கேட்பது பெரிய பாடு. பாட்டில் பாதி காலியானபோது தொடைச் சதை நடுங்க ஆரம்பித்தது. தபேலாக்காரர் பயந்துவிட்டார். நான், ‘பாபா, இது நல்ல நடுக்கம்’ என்றேன். பிறகு மூக்கு நுனியில் வியர்வை பொடித்தது. ஒரு பெரிய ஏப்பம். அதற்கப்புறம் சாணி போட்டது. அத்தனை பேரும் சாணியைப் பார்த்துச் சிரித்த இடம் அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. பாட்டிலைக் கழற்றி நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே முன்னங்காலை ஊன்றி எழுந்து கன்றைத் தேடியது.

என் தொழிலில் இவ்வளவு சீக்கிரம் பலன் தெரிகிற வைத்தியம் வேறு எதுவும் இல்லை. ஊரில் உங்கள் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: கன்று போட்ட மாடு மூன்று நாளுக்குள் தள்ளாடினால் உடனே டாக்டருக்குப் போன். அவர் வரும்வரை நிமிர்த்தி உட்கார வைக்கணும், வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. தேறின பிறகும் ஓரிரு நாள் மடியை ஒட்டக் கறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வேப்பிலை அடிக்கிறவர் அடித்துவிட்டுப் போகட்டும், போனைத் தள்ளிப் போடாதீர்கள்.

நீங்கள் ஏன் டாக்டரம்மா இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள்? சின்ன வயசில் நாய் வளர்த்தீர்களா?
*பள்ளி மாணவன், தாராவி*

நாய் வளர்க்க இடமேது தம்பி? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உங்கள் தாராவியில்தான் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். சாப்பாடு கொண்டு போகும்போது பார்ப்பேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து மயிர் கழித்த தோலைப் பலகையில் விரித்து, விரலால் தடவிக்கொண்டே சொல்வார்: ‘இது உண்ணி கடிச்ச பொத்தல். இது தார்க்குச்சி குத்தினது. இது சூடு போட்ட தழும்பு. இந்த மாட்டுக்கு அம்மை வந்து ஆறியிருக்கு.’ உயிரோடு இருந்தபோது அந்த மாட்டை எப்படி வைத்திருந்தார்கள் என்று எல்லாம் தோலில் இருக்கும். தழும்பு இருந்தால் தோலுக்கு விலை குறையும், அதனால் பார்ப்பார். எனக்கு அந்த மாட்டைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, தோலாவதற்கு முன்னால்.

பரேல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1886இல் ஆரம்பித்த கல்லூரி. பக்கத்திலேயே பார்சிச் செல்வந்தர் தின்ஷா மாணக்ஜி பெட்டிட் தன் மனைவி சாகர்பாய் பெயரில் கட்டிக்கொடுத்த விலங்கு மருத்துவமனை. இன்றைக்கும் நடக்கிறது. அப்பா முதல்முறை அங்கே வந்தபோது கட்டு போட்டுக்கொண்டிருந்த ஒரு காளையின் முதுகைத் தடவி, ‘நல்ல தோல்’ என்றார். என்னோடு இருந்த பெண்கள் அதிர்ந்து போனார்கள். அவர் பாராட்டியது அவர்களுக்குப் புரியவில்லை.

பூனைக்குக் காய்ச்சல். குழந்தைக்குக் கொடுக்கிற பாரசிட்டமால் சிரப் கால் மூடி கொடுக்கலாமா?
*வாசகி, முலுண்ட்*

கூடவே கூடாது! ஒரு துளியும் வேண்டாம். பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைக்க முடியாது. ரத்தம் பழுப்பாகும், மூச்சு திணறும். கொடுத்திருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்காமல் கிளம்புங்கள்.

தெரு நாய் என் பையனின் காலில் பல் பதித்துவிட்டது. ரத்தம் கொஞ்சம்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தோம். அந்த நாயின் காதில் வெட்டு இருக்கிறது, ஊசி போட்ட நாய் என்கிறார்கள். விட்டுவிடலாமா?
*வாசகர், ஆண்டாப் ஹில்*

விடாதீர்கள். கடிதத்தைப் படித்த உடனே உங்களைப் போனில் பிடிக்கச் சொல்லி ஆசிரியர் குழுவிடம் சொன்னேன். பையனுக்கு ஊசி ஆரம்பித்தாயிற்று என்று தெரிந்துகொண்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

காதில் வெட்டு இருந்தால் கருத்தடை செய்த நாய் என்று அர்த்தம். கருத்தடையின்போது வெறிநாய்த் தடுப்பூசியும் போடுவார்கள், வாஸ்தவம். ஆனால் அந்த ஊசியை அதற்கப்புறம் வருஷா வருஷம் போட்டார்களா என்று அந்தக் காது சொல்லாது.

கடித்த உடனே குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவணும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். இரண்டே நிமிஷத்தில் பதினைந்து ஆனதுபோலத் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். நேரே மாநகராட்சி மருத்துவமனைக்குப் போங்கள். அன்றைக்கே முதல் ஊசி, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள் என்று போய்க் கடைசி ஊசி 28ஆம் நாள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புச் சத்து ஊசியும் போடணும். அதைக் கேட்டு வாங்குங்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தக் காலத்து ஊசியை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருங்கள் என்பதும் சரிதான், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. அறிகுறி வந்துவிட்டால் உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் மருந்து கிடையாது. நாங்கள் கடி வாங்குவதற்கு முன்பே ஊசி போட்டு வைத்துக்கொள்கிறவர்கள். அப்படியிருந்தும் கடி பட்டால் மறுபடி போடுகிறோம்.

மழைத் தண்ணீர் தெருவில் நின்றால் நாயை வெளியே விடலாமா?
*வாசகி, குர்லா*

2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு வந்தது எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் மழைத் தண்ணீரில் கலந்து, தோலில் கீறல் இருந்தால் அது வழியே உள்ளே போகும். நாய்க்கும் வரும், நாய் மூத்திரத்திலிருந்து நமக்கும் வரும். வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, கண் வெள்ளையும் ஈறும் மஞ்சளாவது, மூத்திரம் குறைவது எல்லாம் அறிகுறி. ஈறை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாளில் அதன் நிறம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

வருஷா வருஷம் தடுப்பூசி போடுங்கள், மே மாதத்துக்குள். தேங்கிய தண்ணீரில் நடந்து வந்தால் காலைக் கழுவித் துடையுங்கள். நீங்களும் முழங்கால் தண்ணீரில் நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் உங்கள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். நாய்க்கு எழுதிய மாத்திரையில் பாதியை விழுங்கிக்கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரும் குர்லாதான்.

நான் வேலை பார்க்கிற தாதர் பார்சி காலனியில் ஒரு பெரியவர், ‘எங்கள் கழுகுகளைக் கொன்றது மாட்டு டாக்டர்கள்தான்’ என்கிறார். உண்மையா?
*வாசகர், வடாலா*

பிணந்தின்னிக் கழுகுகளைச் சொல்கிறார். உண்மைதான். டைக்ளோஃபெனாக் என்ற வலி குறைக்கிற ஊசி. மலிவு, மாட்டுக்கு நன்றாகவே கேட்கும். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைக் கழுகு தின்றால் கழுகின் சிறுநீரகம் போய்விடும். அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயமெல்லாம் வெள்ளைப் படலம் மூடியிருக்கும். யூரிக் அமிலம். 1990களில் கழுகுகள் கொத்துக் கொத்தாக விழுந்தபோது ஏதோ வைரஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2004இல்தான் இந்த மருந்து என்று நிரூபணமானது. 2006இல் கால்நடைக்குத் தடை. அதற்குள் 100 கழுகு இருந்த இடத்தில் ஐந்து கூட மிஞ்சவில்லை. மலபார் ஹில் டூங்கர்வாடியில் பார்சிகள் இறந்தவர்களின் உடலைக் கழுகுக்கு வைக்கிற வழக்கம் தடைபட்டு, உடலை உலர்த்தச் சூரிய வெப்பக் கண்ணாடி வைக்க வேண்டி வந்தது.

மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கழுகுக்குக் கெடுதல் செய்யாது. என் பெட்டியில் அதுதான். கழுகுக்கு ஆகாத கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளுக்கும் 2023இல் கால்நடைத் தடை வந்தது. மாடு வைத்திருக்கிறவர்கள் மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான வலி ஊசியை வாங்கிப் போடுவதை இன்னும் பார்க்கிறேன். பெரியவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கோபம் நியாயம்.

பதினாலு வயசு லாப்ரடார். எழுந்திருக்க முடியவில்லை. ‘ஊசி போட்டு அனுப்பிவிடலாம்’ என்கிறார்கள். பாவமில்லையா?
*வாசகி, பாண்டுப்*

பாவ புண்ணியம் என் பாடத்தில் இல்லையம்மா. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். ‘வயசாயிடுச்சு’ என்று கொண்டு வருகிற நாய்களில் சிலவற்றுக்கு மூட்டுவலிதான் இருக்கும். மருந்து கொடுத்து, எடையைக் குறைத்து, வழுக்குகிற டைல்ஸ் மேல் சாக்கு விரித்தாலே நடக்கும்.

அதையும் பார்த்தாயிற்று என்றால், சமையலறைக் காலண்டரில் தினமும் ஒரு குறி போடுங்கள். தின்றதா, நீங்கள் வந்ததும் வாலாட்டியதா, படுத்த இடத்திலேயே நனையாமல் இருந்ததா என்று பார்த்து, நல்ல நாளுக்கு ஒரு குறி, கெட்ட நாளுக்கு வேறு குறி. கெட்ட நாள் கூடிக்கொண்டே போவது காலண்டரில் தெரியும். வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசும்போது அந்தக் காலண்டர் உதவும்.

அந்த நாள் வந்தால் முதலில் மயக்க ஊசி, தூங்கிய பிறகு நரம்பில் இன்னொரு ஊசி. சில நிமிஷம்தான். கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். நின்றுபோன பிறகும் ஒரு மூச்சு இழுப்பது போலத் தெரியலாம். அது வலி இல்லை. இதை நான் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் அந்த ஒரு மூச்சை வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பதா வெளியே நிற்பதா என்பது உங்கள் இஷ்டம். யாரும் இல்லாவிட்டால் நான் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போடுவேன்.

மனித டாக்டரைவிட உங்கள் ஆட்கள் ஃபீஸ் அதிகம் வாங்குகிறார்களே?
*வாசகர், சயான்*

மனித ஆஸ்பத்திரி பில்லை இன்ஷூரன்ஸ் கட்டுவதால் உங்கள் கண்ணில் படவில்லை. எக்ஸ்ரே மெஷினுக்கு நாய், மனிதன் வித்தியாசம் தெரியாது, விலை ஒன்றுதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: சிகிச்சைக்கு முன்னால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ‘எங்களால் இவ்வளவுதான் முடியும்’ என்றும் சொல்லுங்கள். அந்தத் தொகைக்குள் எது முக்கியமோ அதை முதலில் செய்யலாம். எங்கள் தெரு வாட்ச்மேன் அப்படித்தான் கேட்பார். பங்களாக்காரர்கள்தான் கேட்காமல் தலையாட்டிவிட்டு மறுநாள் வரமாட்டார்கள். கையில் ஒன்றுமே இல்லையா, பரேல் மருத்துவமனைக்குப் போங்கள். வரிசை நீளம், பொறுமை வேண்டும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம். நாயை ரயிலில் கூட்டிப் போக முடியுமா?
*வாசகி, கல்யாண்*

முடியும், செலவும் அலைச்சலும் உண்டு. முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூப்பேயோ நாலு பேர் கேபினோ முழுதாக உங்கள் பெயரில் இருந்தால் கூடவே வரலாம். ஸ்லீப்பரிலும் இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் விடமாட்டார்கள். இன்னொரு வழி, ரயில் கார்டு இருக்கிற பெட்டியில் நாய்க்கென்று இருக்கிற கூண்டு. பார்சல் ஆபீசில் பதிவு செய்யணும். இருட்டு, சூடு, சத்தம். நெல்லைவரை அதில் அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் தடுப்பூசிக் கார்டும் டாக்டர் சான்றிதழும் எடுத்து வையுங்கள். வண்டி ஏறுவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். புது மயக்க மாத்திரையை முதல்முறையாக ரயிலில் வைத்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள். சோலாப்பூரில் இறக்கி மூத்திரம் போக விட நினைத்தால் கழுத்துப்பட்டை போதாது, தோள்பட்டைப் பெல்ட் போடுங்கள். இன்ஜின் சத்தத்துக்கு மிரண்டால் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும். அப்புறம் தீபாவளி சோலாப்பூரில்தான்.